லேப்டாப்புக்கு ஒரு கூலிங் கிளாஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி லோக்கலில், ஓர் அம்மாள் என் லேப்டாப்பை எனக்குத் தெரியாமல் படித்தார். படித்ததோடு விட்டாரா? நான் எழுதியிருப்பது தப்பு என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்.

அவருக்கு நன்றி சொல்லத்தான் இந்த வாரம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வந்தது கோபம்தான். நன்றி வர இரண்டு மணி நேரம் ஆனது. என் சுபாவம் தெரிந்தவர்கள், இரண்டு மணி நேரம் என்பதே சீக்கிரம் என்பார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் பர்சனல் டிபார்ட்மென்ட் ஆசாமி. ஆள் எடுப்பது, லீவு, வார்னிங் லெட்டர், விசாரணை — இதெல்லாம் என் பிழைப்பு. வாரம் ஒரு நாள் உங்களோடு அரட்டை. வீடு மீஞ்சூரில். தினமும் அங்கே ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷனில் இறங்குவேன்.

போன வருஷம் கம்பெனியில் ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். கொடுத்தது, ரயிலில் கூட வேலை பார்ப்பேன் என்ற நம்பிக்கையில். நானும் பார்த்தேன். கூடவே கம்பார்ட்மென்ட்டே பார்த்தது.

எங்கள் பக்கத்து ரயிலில் லேப்டாப் என்பது இன்னும் வேடிக்கைப் பொருள்தான். மடியில் வைத்துத் திறந்தால் போதும், நாலு தலை நம் பக்கம் சாயும். சாய்கிறவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. நானே எத்தனை பேருடைய பேப்பரைப் பின்னாலிருந்து ஓசியில் படித்திருக்கிறேன்? பக்கத்தைத் திருப்பப் போகிறவரிடம் "ஒரு நிமிஷம் சார், இன்னும் முடிக்கல" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டதும் உண்டு. ஏ.டி.எம். வாசலில் பாருங்கள். கதவுக்கு வெளியே நில்லுங்கள் என்று எழுதிப் போட்டிருக்கும். முன்னால் இருப்பவர் தோள் மேல் தாடையை வைக்காத குறையாக அடுத்தவர் நிற்பார். பிரவுசிங் சென்டரில் நாம் மெயில் பார்த்தால், பக்கத்து சீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். அந்தரங்கம் என்ற வார்த்தை நம்மிடம் இருக்கிறது. அதற்கு இடம்தான் இல்லை.

ஆனால் எங்கள் கம்பார்ட்மென்ட்டின் தனலட்சுமி அம்மாவுக்கு முன்னால் மற்றவர்களெல்லாம் கற்றுக்குட்டிகள்.

தனலட்சுமி கவரைப்பேட்டை பக்கத்தில் கிராம நர்ஸ். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிறந்தது ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கம், வாழ்க்கைப்பட்டது மீஞ்சூர். என்னோடு ஏறி, எனக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்குவார். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படித்துவிடுவது அவர் வழக்கம். பேப்பர், கல்யாணப் பத்திரிகை, வடை மடித்த காகிதம், பக்கத்தில் இருப்பவரின் எஸ்.எம்.எஸ். எதுவும் தப்பாது. படித்ததை மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் மாட்டார்.

ஒரு நாள் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், ஊட்ல கேஸ் தீந்துபோச்சாம்" என்றார். என் மொபைலில் என் மனைவி அனுப்பியிருந்த செய்தி. எனக்கு முன்னால் அவர் படித்துவிட்டார்.

இன்னொரு நாள் இந்தப் பத்தியையே லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தபடி முழுசாகப் படித்துவிட்டு, "இந்த வாரம் கொஞ்சம் சப்புனு இருக்குது சார்" என்றார். அச்சுக்குப் போகுமுன்பே விமர்சனம் வாங்கிய எழுத்தாளன் நானாகத்தான் இருப்பேன். சப்பென்றுதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

கேஸ் தீர்ந்தது ஊருக்குத் தெரிந்தால் பரவாயில்லை. என் மடியில் இருப்பது முந்நூறு தொழிலாளிகளின் விவரம். யாருக்கு என்ன நோய், யார் மேல் என்ன புகார், யாருக்கு விவாகரத்து வழக்கு. அது என் சொத்து இல்லை, காவலுக்கு என்னிடம் இருக்கிறது. அதைத் தனலட்சுமி படித்துவிட்டால்? இந்தக் கவலை நியாயமானது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அதனால் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பிரைவஸி ஃபில்டர் என்று ஒன்று வாங்கினேன். கறுப்பாக, மெல்லிசாக ஒரு தகடு. திரை மேல் மாட்டிவிட்டால் நேரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் எழுத்து தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு வெறும் இருட்டு.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு டைப் அடித்தேன். தனலட்சுமி எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னா சார், கம்பூட்டர் செத்துப்போச்சா? இருட்டப் பாத்துக்கினே அடிக்கிறீங்க?"

விளக்கினேன். எதிர் சீட்டில் இருந்தவர், "அப்போ இது லேப்டாப்புக்குக் கூலிங் கிளாஸ்" என்று பேர் வைத்தார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. தனலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "நல்லதுதான் சார். ரகசியம்னா ரகசியம்" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். யாரை நினைத்து வாங்கினேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது... ஆனால் கழற்றவில்லை.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனியில் சீனிவாசுலு என்று ஒருவர். (பேரை மாற்றித்தான் எழுதுகிறேன். கடைசியில் இருக்கும் அந்த 'லு' மட்டும் நிஜம். எழுதட்டுமா என்று அவரிடமும் கேட்டுவிட்டேன்.) மெஷின் ஷாப்பில் இரண்டு வருஷமாக டிரெயினி. சுத்தமான வேலை. இந்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டியவர். அந்த ஆர்டருக்கு முன்னால் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

சரிபார்த்தேன். பள்ளிக்கூட டி.சி.யில் கே. சீனிவாசுலு. ஐ.டி.ஐ. சர்டிஃபிகேட்டிலும் கே. வாக்காளர் அட்டையில் எஸ். சீனிவாசுலு. அப்பா பேர் சுப்பராயுடு.

எஸ் சரி. கே எங்கிருந்து வந்தது?

எங்கள் வட்டாரத்தில் இதற்கு ஒரு பழைய காயம் உண்டு. சில வருஷம் முன்னால், பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒருவர் அண்ணன் சர்டிஃபிகேட்டைக் காட்டி வேலைக்குச் சேர்ந்து, நாலு வருஷம் கழித்து மாட்டிக்கொண்டார். அதிலிருந்து ஒவ்வொரு பர்சனல் ஆபீசரும் இன்ஷியலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம். நான் கொஞ்சம் அதிகமாகவே பார்ப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சீனிவாசுலுவைக் கூப்பிட்டு விசாரித்தேன். "இந்த கே என்னப்பா?"

"ஊட்டுப் பேரு சார்" என்றார்.

நம் ஊரில் வீட்டுப் பேர் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் ராஜலட்சுமி, வீட்டில் பாப்பா. சர்டிஃபிகேட்டில் கோதண்டராமன், வீட்டில் குட்டி. செல்லப் பேரை யாராவது இன்ஷியலாகப் போடுவார்களா? பொய் சொல்கிறார், அதையும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். வேறு கேள்வி கேட்கவில்லை. 'வீட்டுப் பேர்' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அவரும் சரி என்று போட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அறிக்கையைத்தான் ரயிலில் அடித்துக்கொண்டிருந்தேன். 'வீட்டில் செல்லமாக அழைக்கும் பெயரையே இன்ஷியலாகப் போட்டதாக முன்னுக்குப் பின் பொருந்தாமல் கூறுகிறார். ஆள் மாறாட்டம் என்று கருத இடமிருக்கிறது. பணியிலிருந்து விடுவிக்கப் பரிந்துரைக்கிறேன்.' நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பக்கத்தில் தனலட்சுமி இல்லை. அவர் லேட்டாக ஓடி வந்து ஏறியதால் எனக்குப் பின் பக்கத்து சீட்டில், முதுகுக்கு முதுகாக இடம் கிடைத்திருந்தது. பொன்னேரி தாண்டியதும், மேலே வைத்திருந்த பையை எடுக்க எழுந்து திரும்பினார். கூலிங் கிளாஸின் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால்தான் இருட்டு. நேர் பின்னால், தலைக்கு மேலே நின்று பார்த்தால் பளிச்.

"சார்... இவுரு தெலுங்கு ஆளா?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். கையில் பையை வைத்துக்கொண்டு என் திரையைப் படித்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

"மேடம், இது கம்பெனி விஷயம். கான்ஃபிடென்ஷியல். அடுத்தவங்க பார்க்கக் கூடாது."

"பாத்தது தப்புதான் சார், ஒத்துக்கிறேன். ஆனா தப்பா எழுதிக்கினு இருக்கிறீங்களே. ஊட்டுப் பேருன்னா செல்லப் பேருன்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

"வேற என்ன?"

"எங்க ஜனங்களுக்கு அப்பா பேரு முன்னால வராது சார். குடும்பத்துக்குன்னு ஒரு பேரு இருக்கும். தாத்தா, நைனா, புள்ளைங்க, எல்லாருக்கும் அதே பேருதான். தெலுங்குல இண்டி பேருன்னு சொல்லுவோம். அத்த தமிழ்ல சொன்னா இன்னா வரும்? ஊட்டுப் பேருன்னுதான வரும்? அந்த ஆளு கரெக்டாத்தான் சொல்லிக்கிறாரு."

மூடிய லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன், அவர் விடவில்லை.

"எங்க நைனா பேரு ராமையா. என் சர்டிபிகேட்டுல இன்ஷியல் பி. அப்ப நானும் டூப்ளிகேட் நர்ஸா? புள்ளைங்களுக்கு ஊசி போடறேன், நோட்டுல பேரு எழுதறேன். எங்க பக்கத்துல தெனம் இதே பேஜாருதான். பள்ளிக்கூடத்துல ஊட்டுப் பேரப் போடுவாங்க. இந்தப் பக்கம் ஆபீசுல, அப்பா பேரு இன்னான்னு கேட்டு அத்தப் போட்டுடுவாங்க. ஒரே ஆளு, ரெண்டு இன்ஷியல்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. தப்பு என்று தெரிந்ததாலா, நாலு பேர் முன்னால் தெரிந்ததாலா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். வீம்புக்கு ஒன்று சொன்னேன். "இருக்கட்டும் மேடம். கான்ஃபிடென்ஷியல் கான்ஃபிடென்ஷியல்தானே?"

ரயில் கவரைப்பேட்டையில் நுழைந்துகொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்:

"ரகசியம்னா, தப்பா இருந்தாலும் யாரும் பாக்கக் கூடாதா சார்?"

இறங்கிப் போய்விட்டார்.

அங்கிருந்து கும்மிடிப்பூண்டி ஒரே ஒரு ஸ்டேஷன்தான். அன்று அது நெடுந்தூரமாக இருந்தது. இருபது வருஷமாக இந்தப் பக்கம் குப்பை கொட்டுகிறேன். ரயிலிலும் டீக்கடையிலும் தினம் தெலுங்கு காதில் விழுகிறது. டப்பு, நைனா என்று நானே பேசுகிறேன். ஒருவருடைய இன்ஷியல் எதிலிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? இல்லை. எனக்கு அப்பா பேர்தான் இன்ஷியல், அதனால் உலகத்துக்கே அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

ஆபீஸ் போனதும் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் சீனிவாசுலுவைக் கூப்பிட்டேன். வந்தார். நான் வாயைத் திறக்குமுன், பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"லாக்கர் சாவி சார். காலி பண்ணிட்டேன்."

"யார் காலி பண்ணச் சொன்னது?"

"எப்படியும் இன்னைக்கு லெட்டர் வரும்னு சொல்லிக்கினாங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சீனிவாசுலு, ஊட்டுப் பேருன்னா என்னப்பா?"

அதைத்தான் அன்றே சொன்னேனே என்பதுபோல் என்னைப் பார்த்தார். "ஊட்டுப் பேருதான் சார். கொண்டூரு. எங்க தாத்தாவும் கொண்டூரு, எங்க சித்தப்பாவும் கொண்டூரு."

"இதை ஏம்ப்பா வெள்ளிக்கிழமையே சொல்லல?"

"சொன்னேன் சார். நீங்க எழுதிக்கினீங்களே."

உண்மைதான். அவர் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். நடுவில் கேட்பது என்று ஒன்று இருக்கிறது, அதுதான் நடக்கவில்லை.

"வீட்ல சொல்லிட்டியா?"

தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல சார். வேலை போச்சுன்னு சொல்லிடலாம். பேரு பொய்யின்னு சொல்லி அனுப்பிட்டாங்கன்னு எங்க நைனாகிட்ட எப்படி சார் சொல்றது? அவுரு வச்ச பேரு இது."

ஐயா, அம்மா... இந்த வேலையில் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என் முன்னால் அழுதிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், மேஜையைக் குத்தியிருக்கிறார்கள். அவர்கள் முன்னாலெல்லாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அன்று என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பத்து மணிக்கு அந்தக் கடிதம் போயிருந்தால், இந்தத் தொழிற்பேட்டையில் எந்தக் கேட்டிலும் அவரை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். ஆள் மாறாட்டம் என்ற வார்த்தை அத்தனை வேகமாகப் பரவும். சொந்தப் பேரை வைத்துக்கொண்டதற்காக ஒரு மனிதர் பிழைப்பை இழந்திருப்பார். என் கைவண்ணம்.

"என் தப்பு" என்று சொன்னேன். அதிகாரி வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில் அவர் பயந்தே போனார்.

மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொல்லி நாலு நாள் அவகாசம் வாங்கினேன். இரண்டு இன்ஷியலும் ஒரே ஆளுடையவைதான் என்று வி.ஏ.ஓ.விடம் ஒரு சான்று வாங்கி வரச் சொல்லி சீனிவாசுலுவை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை கொண்டு வந்துவிட்டார்.

அதற்குள் என் பீரோவைத் திறந்து பழைய விண்ணப்பங்களைப் புரட்டினேன். ஒன்றின் ஓரத்தில், 'இன்ஷியல் பொருந்தவில்லை, நிராகரிக்கவும்' என்று என் கையெழுத்து. அந்தப் பேரும் 'லு' என்றுதான் முடிந்தது. இரண்டு வருஷம் பழசு. அந்த விலாசத்துக்கு, வந்து பார்க்கும்படி ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அவருக்காக எட்டிப் பார்க்க அன்று யாரும் இல்லை.

புதன்கிழமை காலை தனலட்சுமி வழக்கம்போல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல் கேள்வியே, "அந்த லு-வுக்கு இன்னா ஆச்சு சார்?"

சொன்னேன். சொல்லிவிட்டு, நன்றி என்றேன். நேற்று பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "நல்லதாப் போச்சு சார்" என்றார். அப்புறம், "நானும் படிச்சிருக்கக் கூடாதுதான். இன்னொரு நாளு இன்னொருத்தர் நோயைப் பத்தி இருந்தா? நானே நர்ஸு, எனக்கே தெரிஞ்சிருக்கணும்" என்றார். நான் இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறித் தப்பை ஒப்புக்கொண்டு ஒரு ஸ்டேஷன் போனோம். அனுப்பம்பட்டு தாண்டியதும் அவர் எதிர் சீட்டுக்காரரின் மொபைலைப் பார்த்து, "தம்பி, உங்க அண்ணிக்கு ஆம்பளப் புள்ள பொறந்துக்குதாம்" என்றார்.

சரி, ஃபில்டரைக் கழற்றிவிட்டேனா? இல்லை. கழற்றக் கூடாது. நீங்களும் ஏ.டி.எம்.மில் கையை வைத்து மறைத்துத்தான் நம்பர் அடிக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் எழுந்திருக்குமுன் மெயிலை மூடித்தான் வர வேண்டும். எல்லாப் பக்கத்து சீட்டிலும் தனலட்சுமி உட்கார்ந்திருக்க மாட்டார். மறைப்பதில் தப்பே இல்லை. யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதில்தான் நான் கோட்டை விட்டிருந்தேன். சீனிவாசுலுவைப் பற்றி நான் எழுதியதை ரயிலில் ஒரு நர்ஸ் படித்துவிட்டார். சீனிவாசுலு படிக்கவே இல்லை. அவருக்கு நான் காட்டவே இல்லை.

சனிக்கிழமை அவருடைய பர்மனென்ட் ஆர்டரை அடித்து முடித்தேன். பிரிண்ட் கொடுக்குமுன் அவரைக் கூப்பிட்டு, "படிச்சுப் பாரு" என்று லேப்டாப்பை அவர் பக்கம் லேசாகத் திருப்பினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "இருட்டா இருக்குது சார்" என்றார்.

எழுந்து, என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பேன்ட்டில் எண்ணெய் இருக்கிறது என்று தயங்கினார். "பரவாயில்ல, உட்காருப்பா" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு இப்போது திரை இருட்டு. அவருக்கு மட்டும் எழுத்து. விரலை வைத்து, வரி வரியாக, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு படித்தார். கொண்டூரு சீனிவாசுலு, தகப்பனார் பெயர்... அங்கே விரல் நின்றது.

"சார், கோச்சிக்காதீங்க. எங்க நைனா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்குது."